மாற்றிப் படித்த ஜெபக் குறிப்பு

இன்று காலை தூசு தட்ட வேதாகமத்தை எடுத்தேன். உள்ளிருந்து உன் சீட்டு விழுந்தது. நோட்டில் கிழித்த அரைத்தாள், மடிப்பில் நைந்துவிட்டது. உன் கோழிக்கிறுக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்போது நம் சித்தூர் சபையில் வியாழக்கிழமைதோறும் மாதர் கூட்டம். ஜெபக் குறிப்பைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஒருத்தி எடுத்துப் படிக்க, எல்லாரும் ஆமென் சொல்வார்கள். முக்கால்வாசிப் பேர் தெலுங்குப் பள்ளியில் படித்தவர்கள் என்பதால், தமிழ் தடுமாறாத என்னைப் படிக்க வைத்தார்கள். நமக்குப் பத்தொன்பது வயது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. உனக்கோ இடுப்பில் ஒன்று, மடியில் ஒன்று. இரண்டாவது பிரசவத்தில் நீ பிழைத்ததே பெரிது.

"இனிப் பிள்ளை தரிக்காமலிருக்க லூப் போட்டுக்கொள்ள என் புருஷன் கையெழுத்துப் போடும்படி ஜெபியுங்கள்" என்று உன் பெயரும் போட்டு எழுதியிருந்தாய். "மொகுடி சந்தகம் காவாலம்மா" என்று நர்ஸம்மா உன்னைத் திருப்பி அனுப்பியிருந்தாள். உன் உடம்புக்கு அவன் கையெழுத்து!

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஒரு சகோதரியின் சரீர சுகத்துக்காக" என்று மாற்றிப் படித்தேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நீ மட்டும் தலை நிமிர்ந்து பார்த்தாய்.

செருப்பு மாட்டும்போது பிடித்துக்கொண்டாய்.

"இன்னாடி, ஏன் மாத்திப் படிச்சே? எங்க அத்த அங்கதானே குந்திக்கினு இருந்தாங்க. நானா கேக்க முடியுமா? கோயில்ல படிச்சா அவங்களே அவருகிட்ட சொல்வாங்கன்னுதானே எழுதினேன்."

"அது மேல ஏறிக்கினு போயி நெஞ்சுல மாட்டிக்குமாம்டி."

"ஆரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"அப்ப வேணாங்கறியா?"

"வேணாம்."

எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாய். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அடுத்த வருஷம் மூன்றாவது பிரசவத்தில் உதிரம் நிற்காமல் போய்ச் சேர்ந்தாய்.

பிறகு எனக்கும் இரண்டு பிறந்தது. திருப்பதியில் லூப் போடப் போனேன். டாக்டரம்மா அதை என் உள்ளங்கையில் வைத்தார். உடைந்த முறுக்குத் துண்டு மாதிரி வளைந்த சின்ன பிளாஸ்டிக். "நெஞ்சுக்கு ஏறுமா?" என்று கேட்டேன். "ஏறாதும்மா" என்று சிரித்தார். போடும்போது விடாமல் அழுதேன். வலியென்று நினைத்துக்கொண்டார்.

இப்போது கல்யாணம் ஆகப்போகும் பெண்கள் வந்து கேட்டால் கூசாமல் பேசுகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். அன்று அதையாவது சொல்லியிருக்கலாம்.

உன் சீட்டை இன்று நீ எழுதியபடியே உரக்கப் படித்தேன். வீட்டில் வேறு யாருமில்லை. ஆமென்னையும் நானே சொல்ல வேண்டியிருந்தது.