பத்து ஒன்பதுகள்

மார்ச் 4, செவ்வாய்

கண்ணில் அழுத்தம் ஏறுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பார்வை சத்தமில்லாமல் போய்விடும். எங்கள் மருத்துவமனையில் பாதிப் பேர் இரண்டாம் முறை வருவதே இல்லை. இதற்கு வழி சொல்ல ஒரு ஆய்வாளரை அழைத்து வந்திருக்கிறார்கள். அந்த அம்மா பலகையில் கட்டம் கட்டமாகப் போட்டு அம்புக்குறியால் இணைத்தார். மென்பொருள், கவுன்டர், வீடு, பேருந்து எல்லாம் சேர்ந்து ஒரே அமைப்பாம். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையுமாம். பத்தொன்பது வருடமாகப் பதிவு கவுன்டரைக் கட்டி மேய்க்கிற எனக்கு ஒரு அம்புக்குறி அம்மா பாடம் எடுக்கிறார்.

மார்ச் 6

அம்புக்குறி இன்று முழுக்க நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வேலைவெட்டி இல்லாதவர்களுக்குத்தான் இவ்வளவு பொறுமை வரும்.

மார்ச் 11

கூட்டம். நோயாளிகளுக்கு அக்கறை இல்லை என்றார் டாக்டர். மென்பொருள்காரன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்: போனில் நினைவூட்டும் செய்தி நூற்றுக்கு நூறு பேருக்கும் போயிருக்கிறதாம். வராதவனை யார் இழுத்து வருவது? அம்புக்குறி மட்டும், "போச்சு, சரி. யாருக்குப் போச்சு?" என்றார். கேள்வியைப் பார்! வீட்டில் சொல்லிச் சிரித்தேன். நல்ல கேள்விதானே என்றாள் மனைவி. வீட்டிலும் ஒரு ஆய்வாளர்.

மார்ச் 14

அம்புக்குறி என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஏன் ஒன்பதையே பத்து தடவை அமுக்குகிறேன் என்று கேட்டார். குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினேன். போன் எண் போடாவிட்டால் மென்பொருள் அடுத்த பக்கம் போகாது. வயதானவர்கள் பலரிடம் போன் இல்லை. வரிசையோ வாசல் வரை நிற்கிறது. பத்து ஒன்பது போட்டால் வேலை முடிந்தது. இதைக் கண்டுபிடித்ததும், மற்ற மூன்று கவுன்டருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். எழுதிக்கொண்டார். எழுதட்டும்.

மார்ச் 19

பட்டியல் கொண்டுவந்தார். வராதவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஒன்பதுகள். செய்தி எல்லாம் இல்லாத எண்ணுக்குப் போயிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் எங்கள் தெரு தையல்காரம்மா பெயர் — தெரிந்தவர் என்று வரிசையில் நிற்கவிடாமல், போன வருடம் நானே பதிந்துகொடுத்தது. உபகாரம்! பெரிய கெட்டிக்காரன்டா நீ. என்னத்தைக் கிழிச்சே?

அம்புக்குறி திட்டியிருந்தால்கூடத் தேவலை. "உங்க தப்பு மட்டும் இல்ல சார். எண் இல்லாம நகராதுன்னு வச்சவங்க தப்பும் இருக்கு" என்றார். அந்தக் கரிசனத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மார்ச் 20

தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். எதிரே நின்றேன், குரல் கொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டார். "தேதி வந்தா கூப்பிடுவோம்னு சொன்னீங்களே தம்பி. அதான் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன். தையல் மிஷினைத் துணி போட்டு மூடியிருந்தார். அதைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 24

கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். இடது கண் போய்விட்டது. வலது கண்ணை இருக்கிற அளவில் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர். அடுத்த தேதியைப் பதிய உட்கார்ந்தேன். போன் இல்லையென்றால், செய்தி சொல்ல அக்கம்பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் யாரிடமும் கேட்டதில்லை.

"மாடி வீட்டுப் பொண்ணு கிட்ட போன் இருக்கே. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே, தம்பி."