தலை வாராமல் கடல் தாண்டிய படம்

எங்கள் கடையின் டச்சப் மகாராணிக்கு,

இன்று காலை கடையைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் உன் மகள் பிரான்சிலிருந்து செய்தி அனுப்பிவிட்டாள். "சித்தி, அம்மாவோட மொத வருஷ நினைவுப் பூசைக்கு நானும் அப்பாவும் ஊருக்கு வர்றோம். அந்தப் படத்த பெருசாப் போட்டு வைங்க. வேற எதுவும் வேணாம்." அடுத்த நொடி படமும் வந்து விழுந்தது. அவள் விரலை எடுத்திருக்கக்கூட மாட்டாள், அதற்குள் இங்கே நெல்லித்தோப்பில் என் கையில் நீ வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாய். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இதே படத்தை இங்கிருந்து அங்கே அனுப்ப நாம் பட்ட பாட்டை அவளிடம் சொன்னால் நம்புவாளா?

எந்தப் படம் என்று கேட்காதே. உனக்குத் தெரியும். நீ அழிக்கச் சொல்லி ஆயுசு முழுக்கச் சண்டை போட்ட படம்தான்.

அப்போது இந்த ஸ்டுடியோவில் நாம் இரண்டு பேர். நான் படம் எடுப்பேன், நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டச்சப் செய்வாய். பருவை எடுப்பாய், கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுப்பாய், ஒருமுறை கல்யாணப் படத்திலிருந்து மாப்பிள்ளையின் மாமாவையே எடுத்தாய். கண்ணாடிக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டிய சீப்பும் பவுடர் டப்பாவும் இருக்கும். தலை வாராமல் யாரையும் என் கேமரா முன்னால் உட்கார விடமாட்டாய். "படம்னா பளிச்சுனு இருக்கணும்டி, இல்லன்னா நம்ம கைக்குத்தான் கெட்ட பேரு" என்பாய். சின்ன சைஸில், மங்கலாக ஒரு படம் நம் கடையை விட்டு வெளியே போனதில்லை. அந்தத் திமிர்தான் அன்றைக்கு நம்மைக் கவிழ்க்கப் பார்த்தது.

உன் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாய், நம்ம ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் அப்பாவும் சொல்தா. லீவில் வந்தபோது அவர் உனக்கொரு கேமரா போன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அந்த மாதிரி போன்களை ஸ்மார்ட்போன் என்று கடைக்காரர்கள் அப்போதுதான் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். மெனு முழுக்க பிரெஞ்சு. நம்ம ஊர் சிம்மைப் போட்டுப் பேசினாய், அவ்வளவுதான். அதில் படம் அனுப்பலாம் என்பது தெரியும், அனுப்பிப் பார்த்ததில்லை.

நீ பிள்ளை பெற்ற அன்று காலையில்தான் அது தேவைப்பட்டது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து தொட்டிலைக்கூட எட்டிப் பார்க்கவில்லை, நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "அவரு போன் பண்ணாருடி. இன்னிக்கே கப்பல் ஏத்துறாங்களாம். ஏறிட்டா போன் கெடையாது, எத்தன மாசமோ தெரியாது. புள்ள மொகத்த ஒரு தடவ காட்டிடுன்னு அழுவறாரு." மெயிலில் அனுப்பலாம் என்றால், துறைமுகத்தில் மூட்டையோடு நிற்கிற மனுஷன் கம்ப்யூட்டருக்கு எங்கே போவார்? அவர் கையில் இருந்தது போன் ஒன்றுதான். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. நமக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் இருந்தது.

நான் திரும்பக் கடைக்கு ஓடினேன். எதற்கு? சீப்பும் பவுடர் டப்பாவும் எடுத்துவர. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

திரும்பி வந்தால் உன் மாமியார் தொட்டிலை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். "மோந்தியே! என் ஆண்டவரே! பொறந்த அன்னிக்கே போட்டோவா? கண்ணு பட்டுடும்!"

"பாக்கப்போறது அதோட அப்பன்தான் அத்த. அப்பன் கண்ணா படும்?" என்றாய் நீ.

"அப்பன் கண்ணுதான் மொதல்ல படும்!"

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். படம் எடுக்கலாம், ஆனால் பொட்டு வைத்துத்தான் எடுக்க வேண்டும். குழந்தையின் கன்னத்தில் பாதியை அடைக்கிற மாதிரி மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். ஊரார் முகத்துப் புள்ளிகளையெல்லாம் அழித்தே சம்பாதித்தவள் நீ. உன் பெண்ணின் கன்னத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணி விரித்து, போனில் படத்தின் அளவை இருப்பதிலேயே பெரியதாக வைத்து எடுத்தேன். அருமையாக வந்தது. அனுப்பினோம். திரையில் ஒரு குட்டிக் கடித உறை சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரு வரி வந்தது. "எஷெக்னு போடுது. பெயிலாம்" என்றாய்.

கஸ்டமர் கேருக்கு அடித்தேன். ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். "படம் அனுப்புற வசதிய ஆன் பண்ணிட்டேன் மேடம். செட்டிங்ஸ் மெசேஜா வரும். சேவ் பண்ணிட்டு, போன ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." வந்தது, சேவ் செய்தோம், ஆஃப் செய்து ஆன் செய்தோம். எஷெக்.

உனக்கு ஒரு கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கான்வென்டில் படித்த பிரெஞ்சையெல்லாம் தோண்டி எடுத்து ஒவ்வொரு மெனுவாக நுழைந்தாய். திடீரென்று, "இங்க பாருடி! பிரான்ஸ் கம்பெனி செட்டிங்ஸே மொதல்ல நிக்குது. நம்மளுது கீழ சும்மா கெடக்கு. பழைய வூட்டு அட்ரஸ வச்சிக்கிட்டு தேடுனா எப்பிடிப் போவும்?" என்று கத்தினாய். மாற்றினாய். திரையின் மூலையில் குட்டியாக ஒரு 'ஜி' எழுத்து முளைத்தது. இன்டர்நெட் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நாம் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்து திட்டினாள். நீ சிரித்த சிரிப்பில் தையல் வலித்து, சிரித்துக்கொண்டே அழுதாய்.

அனுப்பினோம். எஷெக்.

சிக்னல்தான் போதவில்லை என்று நான் மொட்டை மாடிக்கு ஓடினேன். கடல் பக்கம் திரும்பிப் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். துணி காயப்போட வந்த ஆயாம்மா, "இன்னாம்மா, மழை வருதான்னு பாக்குறியா?" என்றாள். கீழே ஓடிவந்தேன், மறுபடி படம் எடுத்தேன், மறுபடி மேலே ஓடினேன். ஒவ்வொரு படமும் முந்தினதைவிட அழகு. ஒன்றும் போகவில்லை.

நான் கடைசியாக இறங்கி வந்தபோது நீ சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "வுடுடி. ஏறிட்டிருப்பாரு" என்றாய். உன்னை அப்படி நான் பார்த்ததேயில்லை. உன் மாமியார் ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் போன், இடமில்லை, இனிப் படம் எடுக்க முடியாது என்றது. நம் பளிச் படங்களே அதை நிரப்பிவிட்டன. அழிக்க மனசு வரவில்லை. படத்தின் அளவைக் கடைசிக்கு இறக்கினேன். சும்மா ஒன்று அனுப்பிப் பார்ப்போம், போகிறதா என்று. நீ அப்போதுதான் பிள்ளையை மடியில் போட்டிருந்தாய். தலை பரட்டையாய்க் கிடந்தது. பிள்ளை கொட்டாவி விட்டது. நான் போனை நீட்டியதைப் பார்த்துவிட்டாய்.

"இருடி, தலய வாரிக்கிறேன்!"

நான் இருக்கவில்லை. எடுத்தேன், அனுப்பினேன். உறை ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு மறைந்துபோனது.

"போயிடுச்சு" என்றேன்.

"எது?"

"இப்ப எடுத்தது."

"அடிப்பாவி!"

அப்புறம்தான் உறைத்தது. படம் பெரியதாக இருந்தால் மெசேஜில் போகாது. போன் அதை வாய் திறந்து சொல்லவில்லை, பெயில் என்று மட்டும் சொன்னது. வேறு யாராக இருந்தாலும் ஏதோ ஒரு படத்தைச் சின்னதாக எடுத்து அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். ஸ்டுடியோக்காரிகள் இரண்டு பேர் சேர்ந்ததால்தான் இத்தனை ரகளை.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாய். பின்னால் ஒரே இரைச்சல், யாரோ பேர் பேராகக் கூப்பிடுகிறார்கள். "வந்துடுச்சும்மா, வந்துடுச்சு! பாத்துட்டேன்!" என்று உன் வீட்டுக்காரர் கத்துகிறார். "புள்ளைக்குக் கன்னத்துல எம்மாம் பெரிய மச்சம்! யாரு ஜாடை அது?" உன் மாமியார் ஜெபமாலையோடு எழுந்து நின்றார்கள். "பாத்தியா! அவன் கண்ணு நேரா அதுலதான் போயி வுழுந்திருக்கு! நான் சொன்னப்ப சிரிச்சீங்களே!" அறையே சிரித்தது. அவர் அங்கே சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "நீ ஏம்மா வாயத் தொறந்துக்கிட்டு இருக்க? இன்னா சொல்ற?" என்று கேட்டார். நீ பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

உடனே என் கையிலிருந்து சீப்பைப் பிடுங்கித் தலை வாரி, பவுடர் போட்டு, சின்ன சைஸில் ஒரு படம் எடுக்கச் சொன்னாய். எடுத்தேன். அதற்குள் அவர் போன் அணைந்துவிட்டது. அந்தச் சீப்பாலேயே என்னை இரண்டு அடி போட்டாய். நான் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் இன்னும் நாலு வாங்கியிருப்பேன்.

கடலில் இருந்த மாதமெல்லாம் அவரிடம் இருந்தது அந்தப் படம் மட்டும்தான். திரும்பி வந்தபிறகு நீ எத்தனையோ நல்ல படங்களைக் காட்டினாய். அவர் தன் போன் முகப்பில் அதை மாற்றவேயில்லை. போன்கள் மாறின, நீயும் குடும்பத்தோடு அங்கே போய்விட்டாய், படம் மட்டும் ஒவ்வொரு போனாகத் தாவிக்கொண்டே வந்தது. போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ காலில் என்னிடம் பேசினாயே, அன்றைக்கும் "இரு" என்று சொல்லிவிட்டு முதலில் சீப்பைத் தேடினாய். உன் பின்னால் நின்று தேடி எடுத்துக் கொடுத்தது உன் மகள். அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு. அதற்கப்புறம் எனக்கு யாரோடும் கடையில் சண்டை போடப் பிடிக்கவில்லை.

இன்று மத்தியானம் படத்தைப் பெரிய திரையில் இழுத்துப் பார்த்தேன். கட்டம் கட்டமாக உடைந்துபோனது. உன் பல் ஒரு வெள்ளைக் கட்டம், பிள்ளையின் பொட்டு ஒரு கறுப்புக் கட்டம். இப்போது இல்லாததையெல்லாம் நிரப்பிக் கொடுக்கிற வசதி கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. அதையும் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று ஒருத்தி வந்தாள். அவளுக்குத் தலையெல்லாம் படிந்து இருந்தது. நீ இல்லை அவள். அழித்துவிட்டேன்.

பிறகு அதன் சொந்த அளவிலேயே அச்சுப் போட்டேன். தீப்பெட்டி அளவுதான் வந்தது. பெரிய வெள்ளை அட்டைக்கு நடுவில் அதை ஒட்டி, கடையில் இருப்பதிலேயே பெரிய ஃபிரேமில் போட்டேன். அதைப் படம் எடுத்து உன் மகளுக்கு அனுப்பினேன்.

"இவ்ளோ சின்னதாவா சித்தி?"

"பூசைக்கு வர்றவங்க கிட்ட வந்து பாக்கட்டும்" என்று எழுதினேன். சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கேட்டாள். "இதுல அம்மா இன்னா சொல்லிக்கிட்டு இருக்காங்க? அப்பாவக் கேட்டா தெரியாதுன்றாரு. அம்மா சொல்லவே மாட்டாங்க."

எழுதப் போனேன். எழுத்தில் அது வராது. மைக்கை அழுத்திக்கொண்டு, நீ இழுக்கிற மாதிரியே இழுத்து, கோபமும் சிரிப்புமாகக் கத்தினேன். "இருடி, தலய வாரிக்கிறேன்!"

அங்கே அவள் கேட்டுவிட்டாள் என்று போன் காட்டியது.

"இன்னொரு தடவ சொல்லுங்க சித்தி."

சொன்னேன்.