கைராசியும் குட்டி மண்ணீரலும்

மார்ச் 4
அக்கா கணவர், என் அத்தானின் சிறுநீரகக் கல்லைத் தேடி எடுத்த ஸ்கேனில், கணையத்தின் வால் நுனியில் ஓர் உருண்டை. கோலிக்குண்டு அளவு. எங்கள் மருத்துவமனையின் பெரிய சர்ஜன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், "கட்டி" என்றார். அவ்வளவுதான். கத்திரிக்காய் வாங்குகிறவன்கூட இன்னும் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பான். ஊரே அவரைக் கைராசிக்காரர் என்கிறது. நானும் கைராசி என்றே எழுதுகிறேன். வேறு மரியாதை வரவில்லை.

மார்ச் 5
கீழ்த்தளத்தில் என் இருட்டறையில் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். ஸ்கேன் படிப்பதுதானே என் தொழில். ஸ்கேனுக்காக நரம்பில் ஏற்றும் சாய மருந்து பரவும்போது படத்தில் மண்ணீரல் எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவே இந்த உருண்டையும் வெளுக்கிறது. அது மங்கும்போது இதுவும். பிறக்கும்போதே வழிதவறிக் கணையத்துக்குள் குடிபோன மண்ணீரல் துணுக்காக இருக்கலாம் – ஒரு தொந்தரவும் செய்யாது. ஆனால் அங்கே வரும் ஒருவகைக் கட்டியும் இப்படிப் பளிச்சென்று தெரியும். உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. அவர் ரத்தத்தையே எடுத்து, சிவப்பணுக்களைச் சூடாக்கி நலிய வைத்து, கதிர்மருந்து சேர்த்துத் திரும்ப ஏற்றுவது. நலிந்த அணுக்களை மண்ணீரல் பிடித்து வைத்துக்கொள்ளும். உருண்டையும் அப்படிப் பிடித்துப் படத்தில் ஒளிர்ந்தால் அதுவும் மண்ணீரல்தான், கத்திக்கு வேலையில்லை. வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டும், பத்து நாள் காத்திருக்க வேண்டும்.

மார்ச் 6
சொன்னேன். "ரத்தத்தைச் சூடு பண்ணி ஏத்தணுமா? காபியா அது?" என்றார் கைராசி. சுற்றி நின்ற ஜால்ராக்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

மார்ச் 8
அக்காவுக்குப் போன் செய்து அந்தச் சோதனையைச் சொன்னேன். "நீ படம் பார்க்கறவ. அவர் வயித்தையே திறந்து பார்க்கறவர். அதுக்குள்ள பரவிட்டா நீ வந்து பதில் சொல்லுவியா?"
அத்தானிடம் நானே பேசுகிறேன் என்றேன்.
"அவரைக் குழப்பாதே. நானே பக்குவமா சொல்லிக்கறேன்."
சொல்லட்டும். கெஞ்சிக் கூத்தாட என்னால் ஆகாது.

மார்ச் 11
வெட்டியாயிற்று. கணையத்தின் வால், அதை ஒட்டியிருந்த மண்ணீரலும் கூடவே.

எடுத்ததைத் தட்டில் வைத்து உறவினர்களுக்குக் காட்டுவது இங்கே வழக்கம். கைராசி தியேட்டர் வாசலுக்கு வந்து, "பார்த்துக்கோங்கம்மா, எமனையே வெளியே எடுத்துட்டேன்" என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் தட்டைப் பார்த்தேன். பிளந்து கிடந்த உருண்டையும் பக்கத்தில் மண்ணீரலும் ஒரே கருஞ்சிவப்பு. அடப்பாவி, கையில வெச்சுக்கிட்டே தெரியலையா உனக்கு?

மார்ச் 18
ஆய்வக முடிவு: மண்ணீரல் திசு. கைராசி வார்டுக்கே வந்து, "நல்ல சேதி! கேன்சர் இல்லை!" என்றார். ஏதோ அவர்தான் இல்லாமல் செய்ததுபோல. அக்கா எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாள். என் பங்கைக் குப்பையில் போட்டேன்.

ஜூன் 2
கணையம் குறைந்ததில் அத்தானுக்கு இப்போது சர்க்கரை. தினமும் ஊசி. மண்ணீரல் இல்லாததால் சாதாரணக் காய்ச்சலுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இன்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் சட்டையைத் தூக்கி ஊசி போட்டுக்கொண்டே கேட்டார்: "வேற ஏதோ டெஸ்ட் இருந்துச்சாமே? நர்ஸ் ஒருத்தி சொன்னா. உனக்கு அப்பவே தெரியுமா?"

அக்கா சொல்லவே இல்லை! உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"அதுல எல்லாம் உறுதியா தெரியாது அத்தான். அவர் வெட்டினதுதான் சரி."

"அதானே. கைராசிக்காரராச்சே" என்றார் அத்தான், நிம்மதியாக.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.