உட்கார்ந்து சாப்பிட ஒரு கப்பல்

மார்ச் 3, செவ்வாய்

எண்பது பேருக்குப் பருப்பை இறக்கி வைத்துவிட்டு ஃபோனைப் பார்த்தால் பாப்பாவிடமிருந்து செய்தி. "அம்மா, இடம் கெடச்சிடுச்சு. 23 ஏறுறீங்க, 28 இறங்குறீங்க. அப்பாவை மறந்துட்டு வந்துடாதே." மூன்று முறை படித்தேன். படித்த சந்தோஷத்தில் பருப்புக்கு இரண்டாம் முறை உப்பைப் போட்டுவிட்டேன். நல்ல வேளை, ரேடியோ அக்கா கண்டுபிடித்து வெந்நீர் ஊற்றிச் சமாளித்தாள்.

ரேடியோ அக்கா இந்த மாணவிகள் விடுதிச் சமையலறையில் எனக்குத் துணை. காய் நறுக்குகிற கை நின்றாலும் வாய் நிற்காது. பத்து மணிக்குள் மாடி வரை செய்தி போய்விட்டது: "நம்ம சமையல்காரம்மா கப்பல்ல போறாங்க!"

லீவு கேட்கப் போனேன். வார்டன் மேடம் கேட்டார்: "பொண்ணு அந்தக் கப்பல்ல என்ன வேலை?"

"ஆஃபீஸ் வேலை மேடம்."

கூசாமல் வந்துவிட்டது. இரண்டு வருடமாக யார் கேட்டாலும் இப்படித்தான் வருகிறது. பாப்பா கப்பலின் சாப்பாட்டு அறையில் பரிமாறுகிறாள். இந்த நோட்டிலாவது உண்மையை எழுதி வைக்கிறேன்.

அவள் கிளம்பிய அன்று நான் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "எச்சில் தட்டு எடுக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்? அதுக்கு இந்த வீட்டுல நான் ஒருத்தி போதாதா?" அவள் பெட்டியைப் பூட்டினாள், போய்விட்டாள். தினமும் ஃபோன் பண்ணுகிறாள். சாப்டியா, தூங்கினியா, அப்பா முதுகு எப்படி — அதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. என்னிடம் வாயாடியே வளர்ந்த பெண்.

போய் நேரில் பார்த்துப் பேசிவிட வேண்டும். என்ன பேசுவேன் என்றுதான் தெரியவில்லை.


மார்ச் 5, வியாழன்

இவர் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் பெயின்டர். முப்பது வருடமாகக் கப்பல்களின் அடிவயிற்றுக்குச் சாயம் அடிக்கிறவர். "அடியில படுத்தே காலம் போச்சு. மேல அப்படி என்னதான் வெச்சிருக்கான்னு பாத்துடறேன்" என்று குழந்தை மாதிரிக் குதிக்கிறார்.

கப்பல்காரர்கள் அனுப்பிய உடல்நலப் படிவத்தை நிரப்பினோம். 'கடந்த ஓராண்டில் மயங்கி விழுந்ததுண்டா?' உண்டு. போன கோடையில் அடுப்புக்கு முன்னால் விழுந்தேன்.

"இல்லைன்னு போட்டுடு. கப்பல் வந்து பாத்துச்சா?"

"பொய் எழுதிட்டு நடுக்கடல்ல விழுந்தா நீங்களா தூக்குவீங்க?"

ஆம் என்று போட்டேன். அதனால் டாக்டரிடம் தகுதிச் சான்று வாங்க வேண்டுமாம். வாங்கினால்தான் ஏற விடுவார்கள்.


மார்ச் 7, சனி

டாக்டர் அம்மா கையில் பட்டையைச் சுற்றியதும் பிரஷர் ஏறிவிட்டது. "எதுக்குப் பதட்டப்படுறீங்க? நான் என்ன பரீட்சையா வெக்கிறேன்?" என்றார். பரீட்சைதானே! கால் மணி உட்கார வைத்து மறுபடி பார்த்ததும் சரியாக இருந்தது. திங்கள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும்.


மார்ச் 9, திங்கள்

காலைச் சமையலை முடித்துவிட்டு ஒன்பதரைக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். "எதுவும் சாப்பிடலையே?" "பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல." ஊசி வலிக்கவில்லை. நன்றாகவே குத்தினாள் அந்தப் பெண்.


மார்ச் 10, செவ்வாய்

சர்க்கரை 148.

வெறும் வயிற்றில் நூறுக்குள் இருக்க வேண்டுமாம். டாக்டர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். "முதல்ல இதைக் கவனிப்போம். கப்பல் எங்கயும் போயிடாது."

போய்விடுமே! 23ஆம் தேதி போய்விடும். அடுத்த வருடம் பாப்பா வேறு கப்பலுக்கு மாறுகிறாள், அதில் வீட்டாருக்கு இடம் கிடையாது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். எனக்கு எங்கிருந்து வந்தது சர்க்கரை? ஒரு நாள் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு கவளம் தின்றிருப்பேனா? எல்லோருக்கும் ஆக்கிப் போட்டு, கடைசியில் அண்டா ஓரமாக நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு... எனக்குப் போய் இப்படி வருமா?


மார்ச் 11, புதன்

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

காலையில் இவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு போலீஸ்காரர் மாதிரி விசாரித்தார். "திங்கக்கிழமை எழுந்ததுலேர்ந்து என்னென்ன பண்ணின? ஒண்ணொண்ணா சொல்லு."

"எழுந்தேன், குளிச்சேன், விடுதிக்குப் போனேன். எதையும் வாயில வெக்கல."

"அங்க?"

"டீ போட்டேன்."

"இனிப்பு சரியா இருக்கான்னு எப்படிப் பாத்த?"

"கையில ஊத்தித்தான் பாத்தேன்."

"எத்தனை தரம்?"

"மூணு அண்டா, மூணு தரம். அப்புறம் பருப்புக்கு உப்பு பாத்தேன். அன்னைக்கு ஒரு பொண்ணுக்குப் பொறந்த நாள், சர்க்கரைப் பாகு காய்ச்சினேன். பதம் தப்பிடக் கூடாதேன்னு நாலஞ்சு தரம்..."

இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "உள்ளங்கையில ஊத்தி நக்கினா அது சாப்பாடு இல்லையாடி?"

"அது வேலைங்க!"

சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இருபத்தாறு வருடமாக உப்புப் பார்ப்பதை நான் சாப்பாட்டில் சேர்த்ததே இல்லை. யாராவது சேர்ப்பார்களா? டாக்டர் அம்மாவிடம் போய்ச் சொன்னால் அவரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மறுபடியும் ரத்தம். கூடவே மூன்று மாதச் சராசரி பார்க்கும் பரிசோதனையும்.


மார்ச் 13, வெள்ளி

இன்று உப்புப் பார்க்கும் பொறுப்பு ரேடியோ அக்காவுக்கு. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கரண்டி தானாக உள்ளங்கைப் பக்கம் வருகிறது, என்ன செய்ய! அக்கா பேசுகிற மாதிரியே உப்பையும் போட்டிருக்கிறாள். நான் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தபோது மாணவிகள் வாசலில் காத்திருந்தார்கள். "ஆன்ட்டி, கப்பல் இங்கயே வந்துடுச்சா? பருப்புல கடல் தண்ணி!"


மார்ச் 14, சனி

92! சராசரியும் சரியாம். கையெழுத்து வாங்கிவிட்டேன்.


மார்ச் 18, புதன்

ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நல்லா உடுத்திக்கொண்டு வரவேண்டும் என்று பாப்பா சொன்னாள். இவருடைய ஒரே கோட்டு கல்யாணத்தன்று போட்டது. பொத்தான் ஒரு ஊரில், துளை ஒரு ஊரில். "தொறந்தே விட்டுக்கறேன், காத்து வரும்" என்கிறார்.


மார்ச் 21, சனி

ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு மூக்கில் குச்சி விட்டுத் தொற்று பார்க்க வேண்டும் என்பது விதி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததோடு சரி. இவர் அந்தத் தம்பி முகத்திலேயே தும்மிவிட்டு, "மன்னிச்சுடுப்பா, பெயின்ட் வாசனை தவிர வேற எதுவும் இந்த மூக்குக்குப் பழக்கமில்ல" என்றார். சாயங்காலம் முடிவு வந்தது. இருவருக்கும் எதுவும் இல்லை. இல்லை என்ற வார்த்தைக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுவே முதல் தடவை.


மார்ச் 23, திங்கள் — கப்பல்

கப்பல்! நான் கப்பலில் உட்கார்ந்து எழுதுகிறேன்!

துறைமுகத்தில் நீண்ட வரிசை. நெற்றிக்கு நேராகக் கருவி காட்டிக் காய்ச்சல் பார்த்தார்கள். இருமல் உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்டார்கள். தகுதிச் சான்றை நான் ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன், எடுக்கும்போது கசங்கிப் போயிருந்தது. வாங்கிப் பார்த்துவிட்டு ஃபோட்டோ எடுத்துக் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார்கள். அறைக் கதவுக்கு அதுதான் சாவி.

ஏறும் பாலத்தில் திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். பாலத்தின் ஓரமாக எட்டி, கப்பல் உடம்பைத் தடவிக்கொண்டு நிற்கிறார். "இங்க ஒரு கோட்டு பெயின்ட் கம்மியா அடிச்சிருக்கான், பாரு." பின்னால் நூறு பேர். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

மாலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு அறை. நாற்பத்திரண்டாம் மேசை, பாப்பா பார்த்துப் போட்ட இடம். அவள் வந்தாள். கறுப்புக் கோட்டு, கொண்டை, நெஞ்சில் பெயர்ப் பட்டை. இளைத்திருக்கிறாள். இல்லை, நிமிர்ந்திருக்கிறாள். எழுந்து கட்டிக்கொள்ளப் போனேன். கண்ணாலேயே உட்கார வைத்துவிட்டாள். விருந்தாளியோடு ஒட்டி உறவாடக் கூடாதாம். "வணக்கம் மேடம், வணக்கம் சார். முதல்ல சூப் கொண்டு வரலாமா?" இவர், "கொண்டு வாங்க மேடம்" என்றார். மூவரும் சிரிப்பை அடக்கியதில் எனக்குப் புரையேறிவிட்டது.

சூப் நன்றாக இருந்தது. மிளகு ஒரு சிட்டிகை கூட.

பிறகுதான் மானத்தை வாங்கினேன். சாப்பிட்டு முடித்ததும் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் தட்டு, பக்கத்து மேசைத் தட்டு, எல்லாவற்றையும் அடுக்கித் தூக்கிக்கொண்டு சமையலறைக் கதவு வரை போய்விட்டேன்! பாப்பா ஓடி வந்தாள். "அம்மா, தட்டை விடு. மேற்பார்வையாளர் பாக்குறார். போய் உக்காரு." கிசுகிசுத்தாள்தான். ஆனால் முகம் சிவந்துவிட்டது. என்னால் அவளுக்குத் தலைகுனிவு. வந்த முதல் நாளே.


மார்ச் 24, செவ்வாய்

இன்று கையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தேன்.

ஒரே கையில் நாலு தட்டு. கட்டைவிரல் உணவில் படவில்லை. குழந்தைக்கு முதலில், பெரியவருக்கு அடுத்து. ஒரு மேசையில் ஒருவர் இறைச்சி சரியாக வேகவில்லை என்று கத்தினார். முகம் மாறாமல் எடுத்துப்போய் வேறு கொண்டு வந்தாள், அவரே பிறகு மன்னிப்புக் கேட்டார். பதினொரு மேசை, யாருக்கு என்ன ஆகாது என்று எழுதி வைக்காமலே தெரிகிறது அவளுக்கு. எண்பது பேருக்கு ஆக்குகிறேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. இவள் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள்.

என் பெண். இதைப் போய் ஆஃபீஸ் வேலை என்று சொன்னேனே.


மார்ச் 25, புதன்

அலை. இவர் படுத்துவிட்டார். "அடியில இருந்தவரைக்கும் அது ஆடவே இல்லடி" என்கிறார் பாவம்.


மார்ச் 27, வெள்ளி

பயணத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு வேளை, ஊழியர்கள் தங்கள் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அனுமதி உண்டாம். இன்று மதியம் பாப்பா சீருடை இல்லாமல் வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவளுடைய தோழி பரிமாறினாள்.

சாப்பாடு வந்தது. பாப்பா என்னையே பார்த்தாள். "அம்மா, ஏன் நாற்காலி நுனியில உக்காந்திருக்க? ஓடப் போறியா? நல்லா சாஞ்சு உக்காரு." நகர்ந்து உட்கார்ந்தேன். "இருபத்துநாலு வருஷத்துல நீ உக்காந்து சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல. அதுக்குத்தான் இந்த டிக்கெட்டே வாங்கினேன்."

இத்தனை நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து போயிற்று. "அன்னைக்கு நான் சொன்னது தப்பு, பாப்பா. எச்சில் தட்டுன்னு..."

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "என் வேலையைச் சொல்லியிருந்தா எனக்குக் கோவம் வந்திருக்காதும்மா. நீ கேவலமா சொன்னது உன் வேலையை. அந்த வேலையிலதான் நான் வளந்தேன். நீயே அதைக் கேவலம்னு சொன்னா நான் எங்க போயி நிப்பேன்?"

மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். இவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தி, "சூப்புல மிளகு ஜாஸ்தி" என்றார். இன்று சூப்பே வரவில்லை.

அப்புறம் பழையபடி வாயாடினாள், மூச்சு விடாமல் ஒரு மணி நேரம். நான் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். முழுசாக, சாய்ந்து உட்கார்ந்து. கிளம்பும் முன் மூன்று தட்டை ஒரே கையில் பிடிக்கும் வித்தையையும் கற்றுக்கொடுத்தாள்.


மார்ச் 28, சனி

இறங்கினோம். அழவில்லை. அவள்தான் அழுதாள். சரி, நானும்தான்.


மார்ச் 30, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். காலையில் உள்ளே நுழைந்ததும் உள்ளங்கையில் பருப்பை ஊற்றி உப்புப் பார்த்தேன். என்ன சுகம்!

பதினொன்றரைக்கு மாணவிகள் சூழ்ந்துகொண்டார்கள். கப்பல் எவ்வளவு பெரிசு ஆன்ட்டி, நீச்சல் குளம் இருந்துச்சா? வார்டன் மேடமும் வாசலில் வந்து நின்றார். "பொண்ணோட ஆஃபீஸைப் பாத்தீங்களா?"

"ஆஃபீஸ் இல்ல மேடம். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். என் பொண்ணு சாப்பாட்டு அறையில பரிமாறுறா. பதினோரு மேசை. ஒரு கையில நாலு தட்டு. எனக்கு மூணு சொல்லிக் குடுத்திருக்கா, பாருங்க."

எடுத்துக் காட்டினேன். இரண்டு நின்றது. மூன்றாவது தடதடவென்று உருண்டு மேடத்தின் காலடியில் போய்ப் படுத்தது. ரேடியோ அக்காவுக்கே ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. மேடம் குனிந்து தட்டை எடுத்துக் கொடுத்து, "நாளைக்கு மறுபடி காட்டுங்க" என்றார்.

எல்லோரும் போன பிறகு காய் நறுக்கும் மேசையைத் துடைத்து, முக்காலியை இழுத்துப் போட்டு, எனக்கும் அக்காவுக்கும் தட்டு வைத்தேன். முதல் வாய் வைக்கும்போது ஃபோன் அடித்தது.

"அம்மா, சாப்டியா?"

"சாப்பிட்டுட்டு இருக்கேன்."

"உக்காந்தா?"

"உக்காந்துதான். அப்புறமா கூப்பிடு, சோறு ஆறுது."