பேட்டரியைக் காலி செய்வது யார்

அக். 6, திங்கள்

காலையில் நல்ல வெயில். மதியத்துக்கு மேல் வழக்கமான மழை. எங்கள் மலையூர் திரிங்காப் முழுக்கப் பனி.

மறுபடியும் அதே கதை. விடிவதற்குள் பேட்டரி காலி, செவ்வந்திப் பாத்தியில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டன. இரவில் விளக்கு எரிந்தால்தான் செடி உயரும். நீண்ட இருட்டைக் கண்டால் உடனே மொட்டு விடும். முழங்கால் உயரத்தில் பூத்தால் எந்த வியாபாரி எடுப்பான்?

கரண்டு லைன் கீழே வீடுகளோடு சரி, எங்கள் தோட்டம்வரை ஏறவில்லை. சோலார் போட்டு ஜெனரேட்டரைத் தூக்கிப் போட்டபோது நிம்மதி என்றிருந்தேன். நிம்மதியாவது ஒன்றாவது.

வாங்க: முறுக்கு மாவு, உப்பு, இவருக்கு இருமல் மருந்து.

அக். 8, புதன்

சோலார் கம்பெனிக்காரனுக்குப் போன். "பேட்டரி ஓகே லா அக்கா. நீங்கதான் கரண்ட் கூட யூஸ் பண்றீங்க."

நானா? அப்படியென்றால் வேறு யாரோ.

கீழே சிவம் வீடு. இவருடைய தம்பி, தேயிலை பேக்டரியில் வயர்மேன். எங்கள் பேட்டரிக் கொட்டகைக்குக் கல்லெறி தூரம். புதிதாகப் பெரிய ஃபிரிட்ஜ். தீபாவளிக்கு இப்போதே வாசலெங்கும் சீரியல் விளக்கு. வயர்மேனுக்கு ஒரு வயர் இழுக்கத் தெரியாதா? பில் வராத கரண்டு கசக்குமா?

அவன் மனைவி கலா வந்தாள், கறிவேப்பிலை கேட்டு. கண் முழுக்க சோலார் பேனல் மேல். "என்னமா மின்னுது அக்கா. கொடுத்து வச்சவங்க."

அவள் போனதும் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். பேனல் முன்னால் போன மாதம் வைத்த திருஷ்டி பொம்மை போதாது. சின்னது.

அக். 10, வெள்ளி

பொம்மையைப் பெரிதாக்கினேன். நீள மூங்கில், கறுப்புப் பானைத் தலை, இவருடைய பழைய மழைக்கோட்டு, இரண்டு கையும் விரித்து. நாக்குக்குச் சிவப்பு பெயிண்ட். பேனலுக்குக் கிழக்கே, சிவம் வீட்டைப் பார்த்தபடி. எனக்கே பார்க்கப் பயம். திருப்தி.

அக். 12, ஞாயிறு

இன்னும் மோசம். விளக்கு முன்னைவிடச் சீக்கிரம் அணைகிறது. ஓரப் பாத்தியில் மொட்டு. வயிறு எரிகிறது.

இவரிடம் சொல்லிவிட்டேன். முதலில் நம்பவில்லை. பிறகு முகம் கறுத்துக் கீழே போனார். சத்தம் மேலே வரை கேட்டது.

"நான் உன் கரண்டைத் திருடறனா? வாண்ணே, வீட்டைத் தோண்டிப் பாரு!"

"யாரும் எடுக்காம எப்படிடா காலியாவுது?"

"அண்ணி சொன்னாங்களா? அப்ப சரி. தீபாவளிக்கு எங்களுக்கு இலை போட வேணாம்னு சொல்லிடு."

மாமியார் போனதிலிருந்து தீபாவளிக் காலையில் இரண்டு குடும்பமும் இங்கேதான். அவன் தலையில் எண்ணெய் வைப்பது நான்தான். வராவிட்டால் போகட்டும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

அக். 14, செவ்வாய்

நேற்று சாயங்காலம் பேய்க்காற்று. பொம்மை சாய்ந்துவிட்டது.

இன்று மதியத்துக்குள் பேட்டரி நிறைந்தது!

"பார்த்தீங்களா? சத்தம் போட்டதும் வயரைக் கழட்டிட்டான்." இவர் பாதிச் சோற்றில் கை கழுவினார்.

பொம்மையை நானே மறுபடி நட்டேன். கல் வைத்து இறுக்கி.

அக். 17, வெள்ளி

மறுபடியும் காலி. திருட்டுப் பயல். இன்று நானே இரண்டு வார்த்தை கேட்டுவிடுவது என்று இறங்கினேன்.

வீடு பூட்டு. மெயின் சுவிட்ச்கூட இறக்கியிருந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார்: "அவங்க புதன்கிழமையே ஈப்போ போயிட்டாங்க லா, கலா அம்மா வீட்டுக்கு."

ஆளில்லாத வீடு கரண்டு தின்னுமா?

திரும்பி ஏறினேன். முதுகில் காலை வெயில். நிமிர்ந்தால், பேனல் மேல் கறுப்பாக ஒருவன் கை விரித்துப் படுத்திருக்கிறான்.

பொம்மையின் நிழல்.

மதியத்துக்கு மேல் இங்கே ஏது வெயில்? பேட்டரிக்குக் கிடைப்பதே காலை வெயில்தான். "ஒரு பேனல்ல நிழல் விழுந்தாலும் மத்ததும் படுத்துடும்" என்று கம்பெனிக்காரன் போட்ட அன்றே சொன்னான். மரத்தைச் சொல்கிறான் என்று வேலி மரத்தை வெட்டினோம். பிறகு அதே இடத்தில் பொம்மையை நட்டேன். பெரிதாக வேறு செய்தேன்.

பிடுங்கிக் குப்பையில் போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இவரிடம் சொன்னேன். "அவன்கிட்ட நீயே போய்ச் சொல்லு." அவ்வளவுதான்.

அக். 19, ஞாயிறு

நாளை தீபாவளி. பேட்டரி நிறைந்திருக்கிறது. மொட்டு விட்ட பாத்தி போனது போனதுதான்.

சாயங்காலம் கீழே வீட்டில் விளக்கு. வந்துவிட்டார்கள். முறுக்கு டின்னும் நல்லெண்ணெயும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசனை.

அவர்கள் கேட்டில் புதிதாக ஒரு திருஷ்டி பொம்மை. சிவப்பு நாக்கு. எங்கள் வீட்டைப் பார்த்தபடி.