யாழினி போட்ட வயதுக் கணக்கு

செவ்வாய், இரவு

சாயங்காலம் யாழினிக்கு விகிதக் கணக்கு வரவில்லை. அம்மா, மகள் வயது 3:1, கூட்டினால் 48. அம்மாவுக்கு மூன்று கட்டம், மகளுக்கு ஒன்று வரையச் சொன்னேன்.

"நாலு கட்டம் 48, ஒண்ணு 12. நம்ம வயசேதாம்மா" என்று சிரித்தாள். பிறகு அவளாகவே, "உனக்கு அதிகமா இருக்கிற 24 எப்பவும் மாறாது. எனக்கு 36 ஆகும்போது உனக்கு 60, சரியா?" என்றாள்.

"கணக்கு சரி" என்றேன்.

மார்புக் கட்டியின் பரிசோதனை முடிவை நாளை அம்பத்தூர் ஆஸ்பத்திரியில் வாங்க வேண்டும். யாழினியின் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

கட்டங்களுக்குப் பக்கத்தில் என் அறுபது வயதை வரைந்துவிட்டுத் தூங்கிவிட்டாள். நரைமுடி, கண்ணாடி, கொஞ்சம் குண்டு. எத்தனை தரம்தான் பார்ப்பது.

நாளை தனியாகப் போக என்னால் முடியாது. அவரை எழுப்பப் போகிறேன்.