பச்சை இதயம் ஒட்டிய தட்டு

மிசிசிப்பி
மார்ச் 5, 2013

அன்பு வெர்னிஸ் அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நாலு தெரு தள்ளியிருக்கும் உன் கடைக்கு வராமல் தபால்தலை ஒட்டுகிறானே என்று சிரிக்காதே. உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

டிசம்பரிலிருந்து மதியமும் இரவும் உன் கடைச் சாப்பாடுதான், அதுவும் உடம்புக்கு நல்லது என்று சுகாதாரத் துறை பச்சை இதயம் ஒட்டிய தட்டு மட்டும். அறுநூறு கலோரி என்று பலகையில் போட்டிருக்கிறாய். டாக்டர் சொன்ன அளவும் அதுதான். நாற்பது பவுண்டு குறைந்தால் முழங்கால் ஆபரேஷன் என்றார்கள். நான் பதினொரு பவுண்டு ஏறியிருக்கிறேன். நேற்று ஆஸ்பத்திரிப் பட்டியலிலிருந்து என் பேரை எடுத்துவிட்டார்கள்.

கிளாடெட் என் வண்டி சீட்டுக்கடியில் பர்கர் காகிதம் தேடுகிறாள். "எங்கய்யா ஒளிஞ்சு திங்குற? பொண்டாட்டிகிட்டயாவது உண்மையச் சொல்லு" என்கிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்து, சபையின் எடைக் குறைப்புத் திட்டத்துக்காக எல்லாரையும் தராசில் ஏற்றி, பாஸ்டர் என் எடையை வாசித்ததும் பின்வரிசையில் சிரிப்பு, நீயும் கேட்டிருப்பாய். நானே எழுந்து, "திருட்டுத்தனமா சாப்பிடுறேன், எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன். எப்போது சாப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை அக்கா. ஆனால் தராசு பொய் சொல்லுமா?

உன் தம்பி,
ஓடெல்


மார்ச் 8

அன்புத் தம்பி ஓடெலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நம் வீட்டு உடம்பு வாகே அப்படித்தான், அப்பா தண்ணீர் குடித்தாலும் பெருத்தவர். மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. கிளாடெட்டிடம் நான் பேசுகிறேன். கடையில் கூட்டம், அதிகம் எழுத நேரமில்லை. உன் மூலை மேசை காலியாகக் கிடக்கிறது, வந்து சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

நீ பேசவில்லை. கிளாடெட் மெம்ஃபிஸில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். "குண்டா இருந்தா இருந்துட்டுப் போ. பொய்யனோட என்னால குடும்பம் நடத்த முடியாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்.

தூக்கத்தில் எழுந்து தின்கிறேனோ என்று பயந்து ஃபிரிட்ஜுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன். இந்த வயதில் இப்படி. நீயும் என்னைப் பொய்யன் என்றுதான் நினைக்கிறாயா?

ஓடெல்


மார்ச் 19

ஓடெல்,

நீ பொய்யன் இல்லை. நான்தான்.

சுகாதாரத் துறைக்காரர்கள் அளந்துபார்த்த தட்டில் தோலுரித்துச் சுட்ட கோழியும், வெறும் தண்ணீரில் வெந்த கீரையும் இருந்தன. பச்சை இதயம் கொடுத்தார்கள், பத்திரிகையில் படமும் வந்தது. இரண்டே வாரத்தில் தட்டுகள் பாதிச் சாப்பாட்டோடு திரும்பி வந்தன. "என்ன வெர்னிஸ், ஆஸ்பத்திரிச் சோறு போடுற?" என்று கேலி வேறு. எதிர்க்கடையில் வரிசை நின்றது. கீரையில் பழையபடி பன்றிக் கொழுப்பைப் போடச் சொன்னேன். கோழிக்குத் தோல் திரும்ப வந்தது, வெண்ணெய் வந்தது, சோற்றின்மேல் கிரேவியும் வந்தது. அறுநூறை மட்டும் நான் அழிக்கவில்லை. அந்தப் பச்சை இதயத்தை நம்பித்தானே சபை முழுக்க என் கடைக்கு வந்தது.

இப்போது அந்தத் தட்டு ஆயிரத்து இருநூறுக்குக் குறையாது. நீயும் அதைத்தான் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. என்னை நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது.

பலகையைக் கழற்றிவிட்டேன். துறைக்கும், உன் டாக்டருக்கும், கிளாடெட்டுக்கும் எழுதிவிட்டேன். ஞாயிறன்று சபையில் எழுந்து சொல்லப்போகிறேன். நீ பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும்.

வெர்னிஸ்


மார்ச் 27

வெர்னிஸுக்கு,

நீ பேசியதைச் சபை வாசலில் நின்று கேட்டேன். உள்ளே வர மனம் வரவில்லை. கிளாடெட் வந்துவிட்டாள், என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே அழுகிறாள். ஆபரேஷனுக்கு ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

வெண்ணெயை மன்னித்துவிட்டேன். வியாபாரம், எனக்கும் புரிகிறது. ஆனால் அன்று எடை பார்த்த ஞாயிறு, திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறேன் என்று சபையில் நான் நின்று அழுதபோது, நீ எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் உன்ன மன்னிப்பாருடா" என்றாய். அத்தனை பேர் முன்னால். எல்லாம் தெரிந்துகொண்டே சொன்னாய்.

இனிமேல் நான் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

ஓடெல்